அயவாஸ்காவும் அந்தப் பன்னிரண்டு பேரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2011-ல் ஜூனிலும் செப்டம்பரிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பூர்வகுடி மக்கள் வாழும் ஒரு நாட்டுப்புறச் சமூகத்தில் இரண்டு முகாம்கள் நடந்தன. ஒவ்வொன்றும் நான்கு நாள். குடி, கொக்கெயின், புகை என்று ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டவர்கள் வந்து தங்கினார்கள். பகலில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேச்சு. இரண்டு இரவுகளில் மட்டும் அயவாஸ்கா. அமேசான் காட்டு மக்கள் காலங்காலமாகக் காய்ச்சிக் குடிக்கும் கஷாயம் அது. வந்தவர்களில் 12 பேரிடம் ஓர் ஆய்வுக்குழு ஆறு மாதம் வரை கேள்விகள் கேட்டுக் குறித்துவந்தது. ஜெரால்ட் தாமஸும் உடன் வேலை செய்தவர்களும் 2013-ல் முடிவை வெளியிட்டார்கள்.

12 பேர் என்பது நம்மூர் ஷேர் ஆட்டோ ஒன்றில் நெருக்கியடித்து ஏற்றிவிடக்கூடிய கூட்டம். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல இது போதாது. ஆனாலும் சைக்கடெலிக் சிகிச்சை, அதாவது மனநிலையையும் புலனுணர்வையும் மாற்றும் பொருட்களை வைத்துச் செய்யும் சிகிச்சை, பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆய்வுதான். 1993 முதல் 2017 வரை நடந்த 18 சைக்கடெலிக் சிகிச்சை ஆய்வுகளை ஒன்றாக வைத்து, அவற்றில் யார் யார் இருந்தார்கள் என்று 2018-ல் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 282 பேர். அதில் வெள்ளையர் 82.3%, கறுப்பினத்தவர் 2.5%. யாருக்கு அடி அதிகம் விழுந்திருக்கிறதோ அவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். வாசலுக்கு உள்ளே வந்த சிலரைப் பற்றியது இந்த ஆய்வு. சரியாகச் சொன்னால், ஆய்வுதான் அவர்கள் வாசலுக்குப் போனது.

கஷாயத்தில் என்ன இருக்கிறது

சைக்கடெலிக் என்ற வகையில் எல்.எஸ்.டி., சைலோசைபின், மெஸ்கலின், டி.எம்.டி. எல்லாம் அடக்கம். கொடைக்கானலில் போதைக் காளானோடு யாரோ பிடிபட்டார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறதே, அந்தக் காளானில் இருப்பது சைலோசைபின். அயவாஸ்காவில் இருப்பது டி.எம்.டி.

இதில் ஒரு வேதியியல் சூட்சுமம் உண்டு. டி.எம்.டி. இருக்கிற இலையை மட்டும் வேகவைத்துக் குடித்தால் ஒன்றும் ஆகாது. குடலிலும் ஈரலிலும் இருக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை உடைத்துப்போட்டுவிடும். அதனால் இலையோடு ஒரு கொடியையும் நசுக்கிப் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் என்ற பொருட்கள் அந்த நொதியைக் கட்டிப்போட, டி.எம்.டி. மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ஆயிரக்கணக்கான செடிகொடிகள் உள்ள காட்டில் இந்த இரண்டையும் ஒரே பானையில் போட வேண்டும் என்று கண்டுபிடித்தவர்களுக்கு நொதி என்ற சொல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஆபத்தும் அதே இடத்தில்தான். மன அழுத்தத்துக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை சாப்பிடுகிறவர் இதைக் குடித்தால் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறி ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். இதய நோய் உள்ளவர்கள், மனச்சிதைவு நோய் தமக்கோ குடும்பத்திலோ உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்ற முன்சோதனைதான் இந்தச் சிகிச்சையில் முதல் மருத்துவ வேலை.

ரத்தக் குப்பிகள்

முகாமுக்கு வந்தவர்களின் கதையைத் தனித்தனியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவர்கள் தலைமுறைக்கு நடந்தது ஊரறிந்தது. கனடாவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1990-களின் பிற்பகுதி வரை சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகளை வதிவிடப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அரசு பணம் கொடுத்தது, கிறித்தவ சபைகள் நடத்தின. தாய்மொழி பேசினால் அடி. உடல்ரீதியான, பாலியல்ரீதியான கொடுமைகளை 2015-ல் முடிந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பக்கம் பக்கமாகப் பதிவு செய்திருக்கிறது. பசிபிக் கரையோர மக்களுக்குப் பொட்லாட்ச் என்ற விழா உயிர்நாடி. பெயர் வைப்பது, கல்யாணம், சாவு எதுவானாலும் ஊரைக் கூட்டி, கூப்பிட்டவரே வந்தவர்களுக்கு வாரிக் கொடுப்பார். மொய்விருந்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. அதைச் சட்டம் போட்டு 1885 முதல் 1951 வரை தடுத்தார்கள்.

குழந்தையைப் பிடுங்கி, மொழியைப் பிடுங்கி, விழாவையும் பிடுங்கிய பிறகு, குடிப்பழக்கம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று சொல்லும் வழக்கம் வந்தது. இன்றும் போகவில்லை.

ரத்தம் என்றதும் இன்னொன்று. வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் நூ-சா-நூல்த் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடம் மூட்டுவாதம் அதிகம். 1980-களில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரபியலாளர் ரிச்சர்ட் வார்டு, மூட்டுவாதத்துக்கு மரபுவழிக் காரணம் உண்டா என்று பார்க்கப்போவதாகச் சொல்லி 883 பேரிடம் ரத்தம் எடுத்தார். வலி தீர வழி பிறக்கும் என்று நம்பிக் கை நீட்டினார்கள். தேடிய காரணம் கிடைக்கவில்லை. வார்டு முதலில் யூட்டாவுக்கும் பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்கும் வேலை மாறிப் போனார், ரத்தமும் கூடவே போனது. இந்த மக்கள் எங்கிருந்து வந்தவர்கள், எவ்வளவு பழைய குடி என்றெல்லாம் அதை வைத்து ஆராய்ந்தார்கள், கட்டுரைகள் வந்தன. கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூட்டு வலி எப்போதும்போல இருந்தது. 2004-ல்தான் ரத்தம் திரும்பி வந்தது.

அதே வட்டாரத்தில், போர்ட் அல்பெர்னி வதிவிடப் பள்ளியில், 1940-களின் கடைசியில் குழந்தைகளுக்குத் தேவையான பாலில் பாதிக்கும் குறைவாகவே இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். ஏற்கெனவே அரைவயிற்றில் இருந்த பிள்ளைகள். பிறகு பாலைக் கூட்டினால் என்ன மாற்றம் வருகிறது என்று அளக்க ஓர் அடிப்படை அளவு வேண்டுமாம். 1948 முதல் 1952 வரை ஆறு பள்ளிகளில் இப்படிச் சத்துணவுப் பரிசோதனைகள் நடந்தன. வரலாற்றாய்வாளர் இயன் மோஸ்பி 2013-ல் இதை வெளிக்கொண்டு வந்தார். அயவாஸ்கா ஆய்வு வெளியானதும் அதே ஆண்டு.

சைக்கடெலிக் ஆய்வுக்கென்று தனியே ஒரு கறையும் இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் போதை அடிமைகளை வைத்திருந்த கூட்டாட்சி நிறுவனத்தில், 1950-களில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவர், பெரும்பாலும் கறுப்பினக் கைதிகளாக இருந்தவர்களுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தார். சிலருக்குத் தொடர்ந்து 77 நாட்கள். சம்மதித்தால் பரிசு உண்டு. அந்தப் பரிசு ஹெராயினாகவோ மார்ஃபினாகவோகூட இருக்கலாம். போதையை விடவைக்கக் கட்டிய இடத்தில் இப்படி நடந்தது. பணத்தில் ஒரு பங்கு சி.ஐ.ஏ. கொடுத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பூர்வகுடிச் சமூகம் தன் மண்ணில் ஆய்வாளர்களை உட்காரவிட்டது என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

முகாம்

முகாமை நடத்திய மருத்துவர் கபோர் மட்டே. 1944-ல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வான்கூவரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு, ஊசி போட்டுக்கொண்டு நடைபாதையில் விழுந்து கிடப்பவர்களுக்குப் பேர்போன பகுதி. அங்கே 12 ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர். போதையைப் பிறகு பார்க்கலாம், அதற்கு அடியில் இருக்கும் வலியை முதலில் விசாரியுங்கள் என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் சிறுவயதுக் காயத்தில் கொண்டுபோய் முடிக்கிறார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் வதிவிடப் பள்ளியின் நிழலில் வளர்ந்தவர்கள் முன்னால் அந்தப் பேச்சு பொருந்தாமல் போக வழியில்லை.

இப்படிப்பட்ட சடங்கு எங்கே நடந்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இருட்டிய பிறகு தொடங்கும். சுற்றிலும் மெத்தை விரித்திருப்பார்கள். ஒவ்வொரு மெத்தை பக்கத்திலும் ஒரு வாளி. சின்னக் கோப்பையில் பழுப்பாக, கெட்டியாக, நாக்கில் பட்டதும் முகம் சுளிக்கவைக்கும் கசப்பு. குடித்து அரை மணி, முக்கால் மணி வரை ஒன்றும் இருக்காது. பிறகு குமட்டல். பலரும் வாந்தி எடுப்பார்கள். சிலருக்கு வயிறும் போகும். மேற்கத்திய மருத்துவம் பக்கவிளைவு என்று எழுதிவைக்கும் இதைத்தான் அமேசான் மரபு சுத்தமாவது என்கிறது. அந்த மரபில் பயின்றவர் இருட்டில் பாடிக்கொண்டே இருப்பார். கண்ணை மூடினால் காட்சிகள், செத்துப்போனவர்கள், மறந்துபோனதாக நினைத்தவை. பயந்து அலறுகிறவர்களும் உண்டு. நாலைந்து மணி நேரத்தில் அடங்கும்.

அடுத்த நாள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்கென்னவோ சிகிச்சையின் கனமெல்லாம் அந்தப் பேச்சில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஊர் பெயர் தெரியாத கிளினிக்கில், யாரென்றே தெரியாத இரண்டு பேர் முன்னால், கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பதைப் போன்றதல்ல இது. ஒரே சமூகத்து ஆட்கள். ஒருவர் சொல்லும் பள்ளி இன்னொருவரின் அம்மா படித்த பள்ளியாக இருக்கலாம்.

கிடைத்தது

12 பேரிடமும் முகாமுக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள்கள் கொடுத்துப் பார்த்ததில், நம்பிக்கை, தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு, நிகழ்கணத்தில் மனம் நிற்பது, வாழ்வுக்கு ஓர் அர்த்தம் இருப்பதாகத் தோன்றுவது ஆகியவை புள்ளியியல் ரீதியாகக் கணிசமாகக் கூடியிருந்தன. குடி, புகையிலை, கொக்கெயின் மூன்றும் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். இவற்றில் கொக்கெயின் பிரச்சினை குறைந்தது மட்டுமே புள்ளியியல் சோதனையைத் தாண்டியது. கஞ்சா குறையவில்லை. அபின் வகைப் போதைப்பொருட்களும் குறையவில்லை.

ஆறு மாதம் கழித்து 11 பேரிடம் எடுத்த நேர்காணல்களை, முதல் ஆய்வில் இருந்தவர்களும் சேர்ந்த ஒரு குழு அலசி 2019-ல் வெளியிட்டது. எட்டுப் பேர் ஏதாவது ஒரு பொருளையாவது முழுக்க விட்டிருந்தார்கள். எதனால் மாறினீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது தொடர்பு, ஒட்டு, உறவு என்ற பொருளிலான சொற்கள். தன்னோடு, குடும்பத்தோடு, இயற்கையோடு, ஆவியுலகோடு.

இனி ஓட்டைகளைப் பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. அதே நான்கு நாள், அதே பேச்சு, ஆனால் கஷாயம் இல்லாமல் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாருக்கும் தெரியாது. குறைந்தது என்பது அவர்கள் வாய்மொழி. வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள். விட வேண்டும் என்று முடிவெடுத்தவர் எந்த முகாமுக்குப் போனாலும் கொஞ்சம் விடத்தான் செய்வார். இன்னொன்று, ஆய்வுக்கு ஆதரவு கொடுத்தது மேப்ஸ். சைக்கடெலிக் சிகிச்சைக்கு அங்கீகாரம் வாங்குவதற்காகவே இருக்கும் அமைப்பு அது. முடிவைத் திரித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் படிக்கும்போது ஒரு கண் அதன் மேலும் இருக்க வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது அபின் கணக்கு. 12 பேரும் எல்லாவற்றையும் பயன்படுத்தியவர்கள் அல்லர். பொருள்வாரியாகப் பிரித்தால் எண்ணிக்கை இன்னும் சுருங்கும். அதனால் குறையவில்லை என்பதையும் பெரிய முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 2016 ஏப்ரல் 14 அன்று பிரிட்டிஷ் கொலம்பியா பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது, ஃபென்டனில் என்ற அபின் வகைச் செயற்கைப் போதைப்பொருளால் வந்த சாவுகளுக்காக. பூர்வகுடி மக்கள் அந்தச் சாவில் தங்கள் மக்கள்தொகைப் பங்குக்குப் பல மடங்கு மேல். எது அவர்களைக் கொல்கிறதோ அதைப் பற்றி இந்த ஆய்வுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சைக்கடெலிக் பிரசாரகர்கள் இந்த ஆய்வை மேடையில் எடுத்துக் காட்டும்போது இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பெல்ட்

பெரிய ஆய்வு நடத்திவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். கனடாவிலேயே அதற்கு ஒரு பழைய கதை உண்டு. சஸ்காச்சவனில் 1950-களில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் ஆப்ரம் ஹாஃபரும் முற்றிய குடிகாரர்களுக்கு எல்.எஸ்.டி. கொடுத்தார்கள். குடி முற்றியவர்களுக்கு வரும் நடுக்கத்தையும் பிதற்றலையும் செயற்கையாக வரவழைத்தால் பயந்து விட்டுவிடுவார்கள் என்பது முதலில் போட்ட கணக்கு. பயத்தால் யாரும் விடவில்லை. உள்ளே ஏதோ தெளிவு கண்டதாகச் சொன்னவர்கள்தான் விட்டார்கள். பாதிப் பேர் தேறினார்கள் என்று இருவரும் சொன்னார்கள். டொரொன்டோவில் போதை ஆராய்ச்சி நிறுவனத்தினர் இதைக் கறாராகச் சோதிக்க இறங்கினார்கள். எல்.எஸ்.டி.யின் விளைவு மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நோயாளிகளைக் கட்டிலோடு பெல்ட் போட்டுக் கட்டினார்கள், கண்ணையும் கட்டினார்கள். பலன் ஒன்றும் தெரியவில்லை என்று அறிவித்தார்கள்.

கட்டிலில் கட்டப்பட்டவருக்குத் தெளிவு எங்கிருந்து வரும்? 2012-ல், அந்தக் காலத்து ஆறு ஆய்வுகளை, 536 பேரின் கணக்கை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது எல்.எஸ்.டி. எடுத்தவர்களில் 59%, மற்றவர்களில் 38% தேறியிருந்தார்கள். 2022-ல் சைலோசைபினை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில் 93 குடிநோயாளிகள். அதில் சிகிச்சைக்குப் பிறகான 32 வாரங்களில் மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் 9.7%, ஒப்பீட்டுக் குழுவுக்கு 23.6%. ஆக, மருந்தில் ஒன்றும் இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது.

ஆஸ்மண்டுக்கு இந்தச் சூழல் விஷயம் தெரிந்திருந்தது. 1956 அக்டோபரில் சஸ்காச்சவனில் பூர்வகுடித் திருச்சபை ஒன்றில், மெஸ்கலின் இருக்கும் பெயோட்டி என்ற கள்ளியை உண்ணும் சடங்குக்கு நான்கு ஆய்வாளர்கள் போனார்கள். அரசு பெயோட்டியைத் தடைசெய்ய யோசித்துக்கொண்டிருந்த நேரம். அறிவாளிகள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னால் எடுபடும் என்று திருச்சபையார் நினைத்தார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆஸ்மண்ட் அவர்களோடு உட்கார்ந்து உண்டு இரவு முழுக்க விழித்திருந்தார். சைக்கடெலிக் என்ற சொல்லை உண்டாக்கியவர் அவர்தான். கூடி உட்கார்வதும் பாட்டும் விடியும்வரை கூட இருப்பதும் சேர்ந்துதான் அங்கே மருந்து. பிற்பாடு ஆய்வுக்கூடம் அதிலிருந்து வேதிப்பொருளை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டது.

சைக்கடெலிக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். மைக்கேல் சாண்ட்லரும் கிறிஸ்டோபர் லலோண்டும் 1998-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலையைப் பார்த்தார்கள். சில சமூகங்களில் அது தேசிய சராசரியைப் போல 800 மடங்கு. வேறு சில சமூகங்களில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. வித்தியாசம் எங்கே என்று தேடினால், தன்னாட்சி, நில உரிமைக்கான போராட்டம், பள்ளி, மருத்துவம், காவலும் தீயணைப்பும், பண்பாட்டுக் கூடம் ஆகிய ஆறும் எந்த அளவுக்குத் தங்கள் கையில் இருந்ததோ அந்த அளவுக்குத் தற்கொலை குறைந்திருந்தது. ஆறும் இருந்த இடத்தில் பூஜ்யம். இதற்கும் அந்த 11 பேர் உறவு, ஒட்டு என்று சொன்னதற்கும் நடுவில் ஒரு கோடு ஓடுவதாக நான் நினைக்கிறேன். கோப்பை அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி.

இதை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. நம்பிய கூட்டம், இருட்டு, மனம் திறந்த நிலை என்று வரும்போது முன்னால் இருப்பவரின் கை ஓங்குகிறது. மேப்ஸ் வான்கூவரில் நடத்திய எம்.டி.எம்.ஏ. (எக்ஸ்டசி என்று தெருவில் விற்கும் பொருள்) சிகிச்சை ஆய்வு ஒன்றில், கலந்துகொண்ட பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் எல்லை மீறிய விவகாரம் வெளியே வந்து நாறியது. ஏற்கெனவே நிறுவனங்களிடம் அடிபட்டவர்களை இந்த நிலைக்குக் கொண்டுபோவதென்றால், கண்காணிப்பு யார் கையில் என்பதை மருந்தளவுக்கு முன்பே பேசியாக வேண்டும்.

கடிதம்

2011 நவம்பரில் கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா மட்டேக்கு எழுதியது. டி.எம்.டி. தடைசெய்யப்பட்ட பொருள், உடனே நிறுத்துங்கள், தொடர்ந்தால் விஷயம் போலீசுக்குப் போகும். அவர் நிறுத்திக்கொண்டார். சட்டப்படி அதில் தவறு கண்டுபிடிக்க முடியாது.

2017-ல் அதே ஹெல்த் கனடா, மாண்ட்ரியலில் உள்ள ஒரு சபைக்கு அயவாஸ்கா குடிக்க விலக்கு அளித்தது. பிரேசிலில் தோன்றிய சாண்டோ டைமே மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அது வழிபாடு. 2022 ஜனவரியில் சைலோசைபினையும் எம்.டி.எம்.ஏ.வையும், வேறு வழியில்லாத நோயாளிக்காக மருத்துவர் விண்ணப்பித்துப் பெறலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். மாத்திரையாக்கி அளவு குறித்துக் கொடுக்கக்கூடிய பொருளுக்கு ஏற்ற வழி அது. பானையில் காய்ச்சியதை ஊரே கூடி உட்கார்ந்து குடிப்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

கடிதம் வந்த நேரத்தில் முகாமுக்கு வந்தவர்களுக்கு ஆறு மாதம் இன்னும் முடிந்திருக்கவில்லை. செப்டம்பரில் வந்தவர்களுக்கு மார்ச் வரை இருந்தது. சிகிச்சை நின்றுபோன பிறகும் ஆய்வு நிற்கவில்லை. இப்போது எவ்வளவு நம்பிக்கையோடு இருக்கிறீர்கள் என்ற கேள்வித்தாள் அவர்களைத் தேடி வந்துகொண்டிருந்தது.